பவர்பாயிண்ட் நிலாவில் பாட்டி திரும்பவே இல்லை

நிலாவைப் பூமியைச் சுற்ற வைப்பது பவர்பாயிண்ட்டில் ஐந்து நிமிட வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீல உருண்டை ஒன்றை நடுவில் வைத்து, முழுநிலாப் படம் ஒன்றை அதற்கு மேலே வைத்து, அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அனிமேஷன்ஸ் டேபுக்குப் போய்ப் பட்டியலைக் கடைசிவரை உருட்டினால் மோஷன் பாத்ஸ் என்று ஒரு பகுதி வரும், அதில் ஷேப்ஸை அழுத்தினால் புள்ளிக்கோட்டில் ஒரு வட்டம் வந்து உட்காரும், அதன் மூலையைப் பிடித்து இழுத்து பூமி நடுவில் வருகிற மாதிரி செய்துவிட்டால் முடிந்தது. நான் திண்டுக்கல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். கரும்பலகையில் வட்டம் போட்டு, அதன் மேல் சாக்பீஸை நகர்த்தி நகர்த்திக் காட்டியே பல வருடம் ஓட்டியவன். புரொஜெக்டர் வந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள்.

அந்த ஐந்து நிமிடம் மூன்று ராத்திரி ஆனது.

முதல் ராத்திரி, நிலா டவுன் பஸ் மாதிரி ஓடியது. மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, ஒரு சுற்று முடிகிற இடத்தில் தயங்கி நின்று, யாரோ விசில் அடித்த மாதிரி மறுபடி கிளம்பியது. எங்கே தப்பு என்று தேடியதில், எஃபெக்ட் ஆப்ஷன்ஸ் பெட்டிக்குள் ஸ்மூத் ஸ்டார்ட், ஸ்மூத் எண்ட் என்று இரண்டு நகர்த்திகள் நம்மைக் கேட்காமலேயே போட்டபடி இருந்தன. பாதி நேரம் வேகம் கூடும், மீதி நேரம் வேகம் குறையும். விற்பனை வரைபடத்தில் ஓர் அம்புக்குறியை நகர்த்துகிறவருக்கு அது அழகு, ஓயாமல் சுற்றுகிற நிலாவுக்கு அது நோய். இரண்டையும் பூஜ்யத்துக்குத் தள்ளி, டைமிங்கில் ரிபீட்டை ஸ்லைடு முடியும்வரை என்று வைத்ததும் ஓட்டம் சீரானது.

அப்புறம் திசை. பவர்பாயிண்ட் கொடுக்கிற வட்டம் உச்சியில் தொடங்கி வலப்பக்கமாக இறங்கும், அதாவது கடிகார முள் போகிற பக்கம். கோயிலில் நாம் பிரகாரம் சுற்றுவதும் அப்படித்தான். ஆனால் பூமியின் வட துருவத்துக்கு மேலே நின்று பார்த்தால் நிலா வலம் வருவதில்லை, இடம் வருகிறது. பாதையின் மேல் ரைட் கிளிக் செய்தால் திசையை மாற்றுகிற கட்டளை இருக்கிறது, ஒரே சொடுக்கு. இதை மட்டும் செய்யாமல் வகுப்பில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்குத்தான் தூக்கம் வந்திருக்காது.

மூன்றாவது ராத்திரியை நான் செலவழித்ததற்குக் காரணம் ஒன்பதாம் வகுப்பு. புரொஜெக்டரை ஓடவிட்டதும் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள் (மூன்று நிமிடத்துக்கு), நான் வழக்கமான பாட்டைப் பாடினேன்: நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டும், அதனால்தான் உங்கள் தாத்தா பார்த்த அதே பாட்டியை, அதே வடைச் சட்டியோடு நீங்களும் பார்க்கிறீர்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"சார், இந்த நிலாவுல பாட்டி திரும்பவே மாட்டேங்குது."

"ஆமாம்மா, அதைத்தான் சொல்றேன். திரும்பாது."

"இல்ல சார், திரும்பாட்டி நாம முதுகையும் பாத்துருவோம்ல?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பாட்டி திரையில் எப்போதும் நேராக இருக்கிறாள், ஆகவே ஸ்லைடு சரி என்று ஒரு கட்சி. பூமியில் நிற்கிறவன் கண்ணுக்கு எப்படி என்று பார் என்று இன்னொரு கட்சி. நான் ஒரு நிமிடம் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னதுதான் சரி. பாதை நிலாவை இடம் நகர்த்துகிறது, அவ்வளவுதான். படத்தை ஒரு பாகைகூடத் திருப்புவதில்லை. நிலா பூமிக்கு மேலே இருக்கும்போது அதன் கீழ்விளிம்பு பூமியைப் பார்க்கிறது, சுற்றி வந்து பூமிக்குக் கீழே போனதும் அதே கீழ்விளிம்பு வெளியே விண்வெளியைப் பார்க்கிறது, பூமிக்குத் தெரிவது மேல்விளிம்பு. போதாக்குறைக்கு, பூமியிலிருந்து எடுத்த முழுநிலாப் படத்தை வட துருவத்துக்கு மேலிருந்து பார்க்கிற வரைபடத்தில் ஒட்டியதே முதல் கோணல்.

அன்றைக்கு ஸ்லைடை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணையே என் மேஜையைச் சுற்றி வரச் சொன்னேன். முதல் சுற்று, முகம் எப்போதும் கரும்பலகையைப் பார்த்தபடி. மேஜைக்கு அந்தப்பக்கம் பக்கவாட்டில் நண்டு நடை நடந்தாள், பெஞ்சுகளில் ஒரே சிரிப்பு, ஆனால் மேஜைக்கு அவளுடைய முகம், இடது தோள், முதுகு, வலது தோள் எல்லாமே தெரிந்தது. இரண்டாம் சுற்று, கண் மேஜையை விட்டு நகரவே கூடாது. இப்போது மேஜைக்கு முகம் மட்டும்தான். ஆனால் சுற்றி முடிக்கும்போது அவள் வகுப்பின் நாலு சுவரையும் பார்த்துவிட்டாள், அதாவது தன்னைத்தானே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டாள். நிலா தன்னைத்தானே சுற்றாததால்தான் ஒரே முகம் தெரிகிறது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வாத்தியார்கள் உட்பட. அது தலைகீழ். பூமியைச் சுற்ற 27.3 நாள், தன்னைச் சுற்றவும் அதே 27.3 நாள். பூமியின் ஈர்ப்பு யுகக்கணக்கில் இழுத்து இழுத்து அதன் சுழற்சியை இப்படிப் பூட்டி வைத்திருக்கிறது. 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 படமெடுத்து அனுப்பும்வரை பின்பக்கத்தை ஒரு மனிதனும் பார்த்ததில்லை.

சரி, ஸ்லைடுக்கு வருவோம். பாட்டியைத் தூக்கிவிட்டு வெறும் சாம்பல் உருண்டை ஒன்றை வைத்து, அதன் கீழ்விளிம்பில், பூமியைப் பார்க்கிற மாதிரி, சிவப்புப் பொட்டு ஒன்று வைத்தேன். உருண்டையையும் பொட்டையும் குரூப் செய்து, பாதையோடு கூடவே ஸ்பின் என்கிற இன்னொரு அனிமேஷனையும் சேர்த்தேன். பாதைக்கு எட்டு நொடி என்றால் ஸ்பின்னுக்கும் எட்டு நொடி, இரண்டும் ஒன்றாகத் தொடங்க வேண்டும், இரண்டும் ஓயாமல் ஓட வேண்டும். முதல் தடவை ஓடவிட்டபோது பொட்டு மேலேயும் கீழேயும் பூமியைச் சரியாகப் பார்த்தது, இடப்பக்கமும் வலப்பக்கமும் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது, மாமியாரோடு சண்டை போட்ட மருமகள் மாதிரி. ஸ்பின் தானாக எடுத்துக்கொள்ளும் திசை வலச்சுழி, என் பாதையோ இடச்சுழி. எதிரெதிராகத் திரும்பினால் அரைச்சுற்றுக்கு ஒரு தடவைதான் ஒத்துப்போகும். திசையை மாற்றியதும் பொட்டு பூமியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அந்தத் தப்பான பதிப்பையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இதில் என்ன பிழை என்று கேட்டுப் பிள்ளைகளை யோசிக்க விடுவதற்கு அதைப்போல ஒன்று கிடைக்காது.

வரைபடத்தில் ஒரு பஸ்ஸை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறை வேறு உருவத்தில் தெரிந்திருக்கும். சாலை வளையும், பஸ் வளையாது, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். ஆப்பிளின் கீநோட்டில் பாதைக்கு ஏற்பத் திரும்பு என்று ஒரு டிக் பெட்டியே இருக்கிறது. பவர்பாயிண்ட்டில் இல்லை. மோஷன் பாத் வந்தது 2002 பதிப்பில், அதன்பிறகு எத்தனையோ அலங்காரங்கள் சேர்த்தார்கள், இந்த ஒரு டிக்கை மட்டும் சேர்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. தேரை நாலு மாடவீதியும் இழுத்துக் காட்ட நினைத்தால் ஒவ்வொரு முக்கிலும் கால் சுற்று ஸ்பின் ஒன்றை நாமே செருக வேண்டும். நிஜத் தேருக்கே முக்கில் முட்டுக்கட்டை போட்டு முக்கி முனகித்தான் திருப்புகிறார்கள் என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

பாதையே இல்லாமல் சுற்ற வைக்கிற ஒரு குறுக்குவழியும் உண்டு, பழைய ஆட்களுக்குத் தெரியும். நிலாவை ஒரு பிரதி எடுத்து, பூமிக்கு அந்தப்பக்கம் அதே தூரத்தில் வைத்து, அதற்கு நிறமும் வேண்டாம் விளிம்பும் வேண்டாம் என்று சொல்லிக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டு, இரண்டையும் குரூப் செய்ய வேண்டும். குரூப்பின் நடுப்புள்ளி இப்போது சரியாகப் பூமியின் மையத்தில் விழும். அந்தக் குரூப்புக்கு ஸ்பின் மட்டும் கொடுத்தால் போதும், குடை ராட்டினம் மாதிரி நிலா சுற்றும். சுற்றுவது மட்டுமில்லை, முழு அமைப்பும் ஒரே கட்டையாகத் திரும்புவதால் சிவப்புப் பொட்டு தானாகவே எப்போதும் பூமியைப் பார்க்கும். இந்த இரண்டு நிலாவையும் ஒரே ஸ்லைடில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிடுகிறேன், ஸ்பின் இல்லாமல் பாதையில் மட்டும் போகிற நிலா ஒன்று, ராட்டினத்தில் போகிற நிலா ஒன்று. நான் ஒன்றுமே பேசுவதில்லை. இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் பொட்டைக் கவனித்துவிடுவார்.

2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணம் எங்கள் ஊர் வழியாகவே போனது. கோவை, திருப்பூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை, கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் என்று நிழல் போன தடம் வாத்தியார்களுக்குக் கிடைத்த தீபாவளிப் பரிசு. அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்லைடு காட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். கறுப்புப் பின்னணி, மஞ்சள் வட்டம், அதன் மேல் அடுக்கில் கறுப்பு வட்டம். நிலா அன்றைக்குத் தூரத்தில் இருந்ததால் சூரியனின் அகலத்தில் 97 சதவீதம்தான் தெரியும், ஆகவே சூரியன் 10 செ.மீ. என்றால் நிலா 9.7 செ.மீ. என்று அளவுப் பெட்டியில் அடித்தேன். கறுப்பின் மேல் கறுப்பு என்பதால் சூரியனைத் தொடும்வரை நிலா தெரியவே தெரியாது, நிஜத்திலும் அப்படித்தான். நேர்க்கோட்டுப் பாதை, ஸ்மூத் இரண்டும் பூஜ்யம், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் கோடு சாயாது. இடமிருந்து வலம். மூன்று மணி நேரக் கூத்து இருபது நொடியில் முடிந்தது, நடுவில் மோதிரம் வந்தபோது வகுப்பில் 'ஓ' என்று ஒரு சத்தம்.

கிரகணத்தன்று காலை எட்டு மணியை ஒட்டி, பள்ளி மைதானத்தில், சூரியக் கண்ணாடி போட்ட ஒரு பையன் முதலில் கத்தினான். கடி விழுந்தது இடப்பக்கம் இல்லை, சூரியனின் உச்சந்தலையில். அதே நேரத்தில் அட்டையில் ஊசித்துளை போட்டுத் தாளில் பிம்பம் பார்த்துக்கொண்டிருந்த கும்பல், அடியில்தான் கடித்திருக்கிறது என்று சண்டைக்கு வந்தது. ஊசித்துளை பிம்பத்தைத் தலைகீழாக்கும், அது அவர்களுக்கே பாடத்தில் வந்ததுதான், சட்டென்று ஞாபகம் வரவில்லை. ஆக இரண்டு கட்சியும் சரி, தப்பு என் ஸ்லைடில் மட்டும். நிலா சூரியனைக் கடப்பது மேற்கிலிருந்து கிழக்காக. காலையில் கிழக்கே பார்த்து நிற்கிற நமக்கு மேற்கு என்பது தலைக்கு மேலே போய்ப் பின்பக்கம் இறங்குகிறது, ஆகவே நிலா மேலிருந்துதான் வர வேண்டும். இதே கிரகணம் சாயங்காலம் நடந்திருந்தால் கீழிருந்து வந்திருக்கும். வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாகக் கிடந்தது, அதைக் காட்டி அன்றைக்குத் தப்பித்தேன். வீட்டுக்குப் போய்ப் பாதையின் பச்சை முனையைப் பிடித்துச் சூரியனுக்கு மேலே இழுத்துவிட்டேன், சிவப்பு முனை தானாகக் கீழே போகவில்லை, அதையும் இழுக்க வேண்டியிருந்தது. பச்சை தொடக்கம், சிவப்பு முடிவு. சிக்னலுக்குப் பழகிய நமக்கு இது சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

இடையில் ஒரு முட்டைக் கதை. வீட்டு மடிக்கணினியில் ஸ்லைடு 16:9, பள்ளிப் புரொஜெக்டர் 4:3. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழாமலிருக்க ஸ்லைடு அளவை மாற்றினேன், படங்கள் எல்லாம் உருண்டையாகவே இருந்தன, நிலாவின் பாதை மட்டும் நின்றவாக்கில் முட்டையாகிவிட்டது. காரணம் பார்க்க ஆசைப்பட்டுக் கோப்பின் பெயரின் கடைசியில் பிபிடிஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தேன், இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, எல்லாப் பிபிடிஎக்ஸ் கோப்பும் உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டைதான். ஸ்லைடுக்கான எக்ஸ்எம்எல் கோப்பில் பாதை ஒரு வரியாக இருந்தது. எம் என்றால் இங்கிருந்து கிளம்பு, எல் என்றால் நேராகப் போ, சி என்றால் வளைந்து போ, இசட் என்றால் தொடங்கின இடத்துக்கே வந்து மூடு. நடுவே எண்கள், எல்லாம் 0.25, 0.069 என்று பின்னங்கள். செ.மீ. எதுவும் கிடையாது. கிடைமட்ட எண் ஸ்லைடின் அகலத்தில் எத்தனை பங்கு, செங்குத்து எண் உயரத்தில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. உயரம் அப்படியே இருக்க அகலம் முக்கால்வாசியாகச் சுருங்கினால் வட்டமும் அப்படியே ஒடுங்கும், வேறு வழியில்லை. அன்றிலிருந்து புதுக் கோப்பு திறந்ததும் முதல் வேலை எனக்கு அளவைப் பார்ப்பதுதான்.

வேகத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் ருசி அதிகம். பதினொன்றாம் வகுப்பில் கெப்ளரின் பரப்பு விதி வருகிறது: நீள்வட்டத்தில் போகிற கோள் சூரியனுக்கு அருகில் வேகமாகவும் தொலைவில் மெதுவாகவும் போகும். ஹாலி வால்நட்சத்திரத்துக்கு ஒல்லியான நீள்வட்டம் ஒன்று போட்டு, தொலைமுனையிலிருந்து கிளப்பினேன், அந்த ஸ்மூத் நகர்த்திகளைப் பூஜ்யமாக்க மறந்துவிட்டேன். ஓடவிட்டால் அசந்துபோனேன். தொலைவில் ஊர்ந்து, சூரியனை நெருங்க நெருங்க வேகமெடுத்து, வளைந்து திரும்பி, மறுபடி தொலைவில் சோர்ந்து நின்றது. நிஜ ஹாலி சூரியனுக்கு அருகில் நொடிக்கு ஏறத்தாழ 54 கி.மீ. வேகத்தில் போகும், தொலைமுனையில் ஒரு கி.மீ.க்கும் குறைவு. கிட்டத்தட்ட நின்றே விடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். நிலாவுக்கு நோயாக இருந்தது இதற்கு மருந்தாகிவிட்டது. இது கெப்ளர் கணக்கு அல்ல, கண்ணுக்கு ஒப்பேற்றல் என்று வகுப்பில் சொல்லிவிடுவேன். இன்னொன்று, ஹாலி மற்ற கோள்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது, ஆகவே இங்கே பவர்பாயிண்ட் தரும் வலச்சுழித் திசையே சரி. 1986இல் வந்து போனது, அடுத்து 2061. என் மாணவர்கள் பார்ப்பார்கள்.

சந்திரயான்-3க்கு வந்தபோது அதே நகர்த்தி காலை வாரியது. 2023 ஜூலை 14 கிளம்பிய கலம் நேரே நிலாவுக்குப் போகவில்லை, பூமியை நீள்வட்டத்தில் சுற்றிச் சுற்றி, பூமிக்கு மிக அருகில் வரும் சில தடவைகளில் எஞ்சினை எரித்து வட்டத்தை நீட்டிக்கொண்டே போனது. ஐந்து தடவை சுற்றுப்பாதையை மாற்றியதில் தொலைமுனை 1,27,609 கி.மீ. வரை போனது. ஸ்லைடில் பல நீள்வட்டங்களை அடுத்தடுத்துக் கோப்பது பெரும்பாடு, ஏனென்றால் ஒரு பாதை முடிந்த இடத்தில் அடுத்த பாதை தொடங்காவிட்டால் பொருள் பொசுக்கென்று தாவும். 2013 பதிப்பிலிருந்து முடிவிடத்தில் பொருளின் மங்கலான நகல் ஒன்று தெரிகிறது, அதற்கு முன்னால் குத்துமதிப்புதான். ஆனால் இங்கே எனக்கு அதிர்ஷ்டம்: எல்லா நீள்வட்டமும் பூமிக்கு அருகிலுள்ள அதே புள்ளியில்தான் தொடங்கி அங்கேயே முடிகிறது. தாவலே இல்லை, மாலை கோத்த மாதிரி வந்தது.

வேகம்தான் தலைகீழ். தொடக்கமும் முடிவும் பூமிக்கு அருகில் என்பதால், கலம் எங்கே பறக்க வேண்டுமோ அங்கே தயங்கி நின்றது, எங்கே ஊர வேண்டுமோ அங்கே பாய்ந்தது. கெப்ளர் பார்த்தால் அழுதிருப்பார். ஒவ்வொரு நீள்வட்டத்தையும் இரண்டு பாதியாக உடைத்தேன். போகிற பாதிக்கு ஸ்மூத் எண்ட் மட்டும் முழு நேரத்துக்கும், திரும்புகிற பாதிக்கு ஸ்மூத் ஸ்டார்ட் மட்டும். அனிமேஷன் பேனில் பட்டியல் இரண்டு மடங்கானது, மளிகைச் சீட்டு மாதிரி நீண்டது. பக்கத்து அறை இளம் ஆசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இதுக்குப் போயி ஏன் சார், மார்ஃப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே" என்றார். மார்ஃப் நல்ல வசதிதான், இரண்டு ஸ்லைடில் பொருளை இரண்டு இடத்தில் வைத்தால் அதுவே நகர்த்திவிடும், ஆனால் நேர்க்கோட்டில். நேர்க்கோட்டில் போனால் அது சந்திரயான் இல்லையே.

கடைசிக் கட்டம் நிலாவைப் பிடிப்பது. ஆகஸ்ட் 1 அதிகாலை பூமியை விட்டுக் கிளம்பி, 5ஆம் தேதி சாயங்காலம் நிலாவின் சுற்றுப்பாதைக்குள் போனது. அதற்குள் நிலா சும்மா இருக்காது, நாளைக்கு 13 பாகை வீதம் ஏறத்தாழ 60 பாகை நகர்ந்திருக்கும், ஆகவே கலத்தின் பாதையை நிலா இருக்கிற இடத்துக்கு வரையக் கூடாது, வரப்போகிற இடத்துக்கு வரைய வேண்டும். நிலாவுக்கு முழு வட்டப் பாதையை எடுத்துவிட்டு 60 பாகை வில் ஒன்றை கர்வ் கருவியால் வரைந்து, எடிட் பாயிண்ட்ஸில் இரண்டு புள்ளியைத் தட்டிச் சரிசெய்து, கலமும் நிலாவும் ஒரே நொடியில் போய்ச் சேருகிற மாதிரி நேரத்தைப் பொருத்தினேன். பத்துத் தடவை தவறி, பதினோராவது தடவை இரண்டும் தொட்டன.

மறுநாள் வகுப்பில் போட்டேன். கைதட்டல் அடங்கியதும் முன் வரிசையில் ஒரு பையன், "சார், பொட்டு" என்றான். பழைய ஸ்லைடிலிருந்து நிலாவை ஸ்பின்னோடு சேர்த்துப் பிரதி எடுத்திருந்தேன். 60 பாகை வில்லில் போகிற நிலா தன்னை 360 பாகை சுற்றிக்கொண்டு போயிருக்கிறது, பம்பரம் மாதிரி. ஸ்பின் அளவில் கஸ்டம் என்கிற கட்டத்தில் 60 என்று அடிக்க வேண்டும், அடித்தபின் எண்டர் தட்ட வேண்டும், தட்டாமல் ஓகே கொடுத்தால் பழைய 360தான் நிற்கும். அந்த எண்டரை இரண்டாவது தடவையும் தட்ட மறந்தேன்.